அந்த வருடத்துக் கத்தி

மேஜையில் மூன்று மடக்குக் கத்திகள் இருந்தன. ஆண்டுக் கடைசியில் அவற்றில் சிறந்ததைப் பெரியவர் தேர்ந்தெடுப்பார். அதைக் கொண்டுவந்தவனுக்கே அடுத்த ஆண்டு குடும்பத் தொழிலில் தலைமை.

முதலாவதை விரித்தார்.

"என்னோடது மாமா," என்றார் மருமகன்.

"பிளாஸ்டிக் பிடியா? முதுகு சொறிஞ்சுக்கலாம் மாப்பிள்ளை."

இரண்டாவது துருவேறி இறுகியிருந்தது. இளைய மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் மூளை மாதிரியே இதுவும் திறக்க மாட்டேங்குதுடா."

மூன்றாவது மூத்தவனுடையது. கொம்புப் பிடி, பளபளக்கும் அலகு. பெரியவரின் முகம் மலர்ந்தது.

"இதுதான்டா கத்தி!"

தடவிப் பார்த்தவரின் விரலில் விலைச்சீட்டின் பசை பிசுபிசுத்தது.

"என்னடா இது? கடையில வாங்கினியா?"

மூத்தவன் தலைகுனிந்தான். "இந்த வருஷம் ஒண்ணும் சரியா அமையலப்பா. அதான் காசு குடுத்து..."

"காசு குடுத்தா? நம்ம பரம்பரையில எவனாவது காசு குடுத்துக் கத்தி வாங்கியிருக்கானா? மானத்தை வாங்கிட்டியேடா! பர்ஸை எவன் வேணா அடிப்பான். கனமான கத்தியை ஆளுக்கே தெரியாம உருவுறதுதான்டா நம்ம குடும்பம்! உன் தாத்தா காலிப் பஸ்ஸில, முழிச்சிருந்த போலீஸ்காரர் பாக்கெட்லேருந்து எடுத்தவரு!"

"அப்பா, அடுத்த வருஷம்..."

"வாயை மூடு. நாளையிலேருந்து பஸ் ஸ்டாண்டை மாப்பிள்ளை பார்த்துக்குவாரு. நீ எங்கயாவது போய் ஒரு வேலை தேடிக்கோ!"