சொட்டு நிற்கும்வரை

"டீசல் எங்கேருந்து சொட்டுது? நல்லா பார்த்துச் சொல்லு தம்பி."

மெக்கானிக் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். காலையில் வந்தவர். அவர் வாங்கிக் கொடுத்த டிபன் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை.

"ஃபில்டர்கிட்ட அண்ணே. டிராக்டர் கொஞ்ச தூரம் ஓடுது, நின்னுடுது. டேங்க்ல உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. அதான் கூப்பிட்டேன்."

"ஸ்டார்ட் பண்றப்ப ரெண்டு தரம் இருமுமே?"

"கூட இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே."

"என் கைபட்ட வண்டிப்பா. இப்ப எங்க நிக்கிறே? தேவைப்பட்டா ஆள் அனுப்பணும்ல."

"பாலம் தாண்டி, மூடிக் கிடக்கிற செங்கல் சூளைக்குப் பின்னாடி."

அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஆள் எதுக்கு, நீயே சரி பண்ணிடலாம். முதல்ல டேங்க் குழாயை மூடு. ஃபில்டர்ல பைப் வந்து சேர்ற இடத்துல ஒரு போல்ட் இருக்கும், கழட்டு. அதுக்கு ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். பத்திரம், தொலைச்சுடாதே."

முக்கல் முனகலுக்குப் பிறகு பதில் வந்தது. "எடுத்துட்டேன் அண்ணே."

"வண்டியை விட்டு நல்லா தள்ளிப் போய், நாலு சுள்ளி பொறுக்கித் தீ மூட்டு. வாஷர் செக்கச்செவேல்னு ஆகணும், அப்பதான் செம்பு இளகி இடுக்கில்லாம உட்காரும். ஆறினதும் வழவழப்பான கல்லுல தேய்ச்சு மாட்டு."

தன் வண்டியைப் பழுதுபார்க்க விட்டுவிட்டுக் கடையில் காத்திருந்த லாரி டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, போல்ட்டை ஒரு இறுக்கு இறுக்கினா நிக்காதா? நடுக்காட்டுல அவனை அடுப்பு மூட்ட வைக்கிறீங்க."

மெக்கானிக் போனைக் கையால் பொத்தினார். "இறுக்கினா இப்போதைக்கு நிக்கும். ஓட ஆரம்பிச்சா மறுபடி ஒழுகும். தொட்டா முழுசா முடிக்கணும்."

"போன்லயே இவ்வளவு பாடம் எடுத்தா கடை விளங்கின மாதிரிதான்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டார். போனில் குரல் திரும்ப வந்தது. "மாட்டிட்டேன் அண்ணே."

"சபாஷ். இப்ப குழாயைத் திறந்து, காத்து எடுக்கணும். ஃபில்டர் மேல இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்திட்டு, கைப்பம்பை அடி. நுரை போய் வெறும் டீசல் வரணும்."

"வந்துடுச்சு."

"இன்னும் கொஞ்சம் அடி. என்ன அவசரம்?"

அவன் அடித்தான். திருகை இறுக்கினான். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு, தடதடவென்று பிடித்துக்கொண்டது.

"ஒரு சொட்டுகூட இல்லை அண்ணே. நீங்க தெய்வம்."

"கை வைக்கிறவன் கைராசிப்பா" என்றார் மெக்கானிக்.

அதற்குள் போனில் வேறொரு வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரோ ஓடினார்கள், யாரோ அதட்டினார்கள். எஞ்சின் அணைந்தது. பிறகு புதுக்குரல் ஒன்று, "போலீஸ் பேசறோம். வந்து சேர்ந்துட்டோம்னு உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றது.

லாரி டிரைவர் போனையே எட்டிப் பார்த்தார். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"நேத்து களவு போன உன் டிராக்டர் கிடைச்சிடுச்சுக்கா" என்றார் மெக்கானிக். "நாளைக்கு, நாளைக்குன்னு நான் தள்ளிப்போட்ட லீக்கையும் திருடினவனே சரி பண்ணிட்டான்."