முக்காடு போட்ட கட்டைவிரல்

"பேர் தெரியாம லைக் போடணும் தம்பி. அதுக்கு ஒரு பட்டன் வை."

பாஞ்சாலி எழுந்து இப்படிக் கேட்டதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்தது அந்தக் கூட்டம். இன்ஜினீயரிங் முடித்த பூவரசன், சுற்றுவட்டார மக்களுக்காக 'சாவடி' என்று ஒரு சமூக வலைத்தளம் தொடங்கியிருந்தான். அதில் என்னென்ன மாற்றம் வேண்டும் என்று உறுப்பினர்களை நேரில் கூப்பிட்டுக் கேட்டதுதான் அவன் செய்த தப்பு.

முதலில் எழுந்தவர் கண்ணையன்.

"யார் யாருக்கு முதல்ல ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பணும்னு ஒரு முறை வேணாமா? வயசுல சின்னவன்தான் அனுப்பணும். நானும் என் மச்சானும் ஒரு மாசமா ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கினு உக்காந்திருக்கோம்."

பூவரசன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டான்.

அடுத்து சவுரிராயன். "என் பங்காளிய பிளாக் பண்ணேன் தம்பி. மறுநாளே விழுப்புரம் பஸ்ல என் பக்கத்து சீட்ல வந்து உக்கார்றான். அப்புறம் என்னாத்துக்கு பிளாக்கு? அதைக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா பண்ணு."

அதையும் தட்டிக்கொண்டான்.

குழந்தை படத்துக்கு லைக் அதிகமாகிவிட்டால் தானாகவே ஒரு பூசணிக்காய் உடைய வேண்டும் என்றார் ஒரு அம்மா. திருஷ்டி கழியுமாம்.

அதற்குப் பிறகுதான் பாஞ்சாலி எழுந்தாள்.

"யாரை ரகசியமா லைக் பண்ணப் போற பாஞ்சாலி?" என்றார் கண்ணையன்.

"உன்னை இல்ல. நீ உக்காரு."

கடைசி வரிசையிலிருந்து கவிதா எழுந்தாள். "வேணாம் தம்பி, வெச்சிடாத! மூஞ்சிக்கு நேராவே அந்தம்மா பேசற பேச்சு தாங்கல. முக்காடு வேற போட்டுக்கினு வந்தா நான் என்னா ஆவறது?"

இரண்டு பேருக்கும் ஊர் பிரம்மதேசம். பக்கத்துப் பக்கத்து வீடு. பாஞ்சாலி காயப்போட்ட வடாத்தைக் கவிதாவின் ஆடு தின்றுவிட்டது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

பேச்சுவார்த்தைதான் நின்றது. பேச்சு நிற்கவில்லை. தைத்த ஜாக்கெட்டுகளைக் கவிதா சாவடியில் படம் எடுத்துப் போடுவாள். "அவ தச்சதைப் போட்டா கைய தூக்க முடியாது. தூக்குனா இறக்க முடியாது" என்று பாஞ்சாலி குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். அதனாலோ என்னவோ, கவிதாவின் படங்களை ஒருவரும் சீண்டுவதில்லை.

"இந்த மாசம் பார்ப்பேன்" என்றாள் கவிதா. குரல் உடைந்திருந்தது. "ஒரு ஆர்டரும் வரலைன்னா மெஷினை வித்துட்டு கம்பெனி வேலைக்குப் போயிடுவேன். இதுல பேர் தெரியாம வேற வந்து கேலி பண்ணணுமா?"

"வித்துட்டுப் போகச் சொல்லுங்க. தெருவுல தடதடன்னு சத்தமாவது குறையும்" என்றாள் பாஞ்சாலி, கூரையைப் பார்த்து.

வம்பு எதற்கு என்று, அந்தப் பட்டன் வேண்டுமென்பவர்களைக் கை தூக்கச் சொன்னான் பூவரசன். கவிதாவைத் தவிர எல்லார் கையும் மேலே போனது. பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு அங்கே எது?

பட்டன் வந்தது. முக்காடு போட்ட கட்டைவிரல் படம். அழுத்தியது யார் என்பது பூவரசனுக்கே தெரியாது. அப்படித்தான் செய்திருந்தான்.

மாதம் முடிவதற்குள் கவிதா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மெஷினை விக்கல தம்பி! எந்த ஜாக்கெட் படத்தைப் போட்டாலும் அடுத்த நிமிஷமே ஒரு முக்காடு வந்து விழுது. அதைப் பார்த்துட்டு இன்னும் நாலு பேர் லைக் போடறாங்க. தீபாவளி வரைக்கும் ஆர்டர் இருக்குது. அந்தப் புண்ணியவதி யாருன்னு மட்டும் சொல்லேன். ஒரு ஜாக்கெட் சும்மாவே தச்சுக் குடுக்கறேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"அமலா டீச்சராத்தான் இருக்கும். எங்க தெருவுல அதுக்குத்தான் அப்படி மனசு. பக்கத்துலயும்தான் ஒண்ணு இருக்குதே!"

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சற்று நேரத்தில் பாஞ்சாலி வந்தாள். வந்தவள் உள்ளே வராமல், வாசலில் நின்று படிக்கட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக வந்து போனை நீட்டினாள்.

"தம்பி, உன் முக்காடு பட்டன் ரிப்பேரு."

"என்னக்கா ஆச்சு?"

"ஒரு தடவ அமுத்துனா விழுது. இன்னொரு தடவ அமுத்துனா விழுந்ததும் காணாம போயிடுது. இது என்னா பேஜாரு?"

பூவரசன் போனை வாங்கிப் பார்த்தான். திரையில் ராமர் பச்சையில் ஒரு ஜாக்கெட். முதுகில் தோகை விரித்த மயில். மேலே கவிதாவின் பெயர்.

அவன் நிமிர்ந்து பாஞ்சாலியைப் பார்த்தான்.

"அக்கா... நீங்களா?"

"கத்தாதடா! அவ இன்னும் கீழதான் நின்னுக்கினு இருப்பா. என் வடாத்துக்கு அவ இன்னும் பதில் சொல்லல. அது அப்படியேதான் இருக்குது."

போனை அவன் கையிலேயே திணித்தாள்.

"எத்தினி தடவ அமுத்தறோமோ அத்தினி லைக் விழணும். ஜல்தியா பண்ணிக் குடு. அந்த மயிலுக்கே தனியா நாலு போடணும்."