விஜயதசமியின் முதல் தட்டு

மறுபடியும் அணைந்துவிட்டது.

குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேஸ் ஓவனின் பைலட் சுடர் சமர்த்தாக எரிந்தது. விரலை எடுத்தாளோ இல்லையோ, போய்ச் சேர்ந்தது.

ஏழாவது முறை.

ஓவன் கதவைத் திறந்து வைத்தாள். கேஸ் கலைய ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். பின்னால் பன்னிரண்டு தட்டு பன் மாவு பொங்கி நின்றது. அதற்குப் பொறுக்கத் தெரியாது. அரை மணி தாண்டினால் அமுங்கிவிடும். சொந்த பேக்கரி தொடங்கி முதல் விஜயதசமி, காலியான கண்ணாடிப் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

“பக்கத்துல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்கக்கா.”

“இங்க இருக்கறது நான்தானுங்க” என்று வைத்துவிட்டாள்.

பற்றிக்கொண்டு வந்தது. ஓவனைப் பொருத்திய அன்றும் அவன் இப்படித்தான். கடை இவளுடையது. விளக்கமெல்லாம் துணைக்கு வந்த அண்ணனுக்கு. அண்ணன் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டது இவள்தான். சுடர் பட்டு ஒரு செம்பு நுனி சூடேறுமாம். அது சூடேறினால்தான் விரலை எடுத்த பிறகும் கேஸ் வருமாம்.

நுனி.

டார்ச்சோடு தரையில் கவிழ்ந்து படுத்தாள்.

செம்பு நுனி முழுக்கச் சந்தனம். காய்ந்து, கருகி, கெட்டிப்பட்டு. அதன்மேல் குங்குமம்.

நேற்று ஆயுத பூஜை. ஒரு திருகாணியைக்கூட விடாமல் பொட்டு வைத்த புண்ணியவதி இவளேதான். அவ்வளவு பாசம்.

படுத்தபடியே சிரித்துவிட்டாள்.

ஈரத்துணியால் துடைத்தாள். உலர்ந்த துணியால் துடைத்தாள். செம்பு பளிச்சென்று தெரிந்தது.

குமிழை அழுத்தினாள். பற்ற வைத்தாள். முப்பது எண்ணினாள். பயத்தில் இன்னும் பத்து எண்ணினாள்.

விரலை எடுத்தாள்.

எரிந்தது. அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

முதல் தட்டு பொன்னிறமாக வெளியே வந்தபோது போன் அடித்தது. மெக்கானிக். அடிக்கட்டும் என்று விட்டாள்.

பெருமையாக இருந்தது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாததும் நன்றாகத்தான் இருந்தது.

பூஜைக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

சல்லடை, தராசு, கத்தி, தட்டு. நேற்று எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று.

ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தது.

இடது விரலால் தொட்டு, தன் வலது புறங்கையில் ஒரு பொட்டு வைத்தாள்.

அதன்மேல் குங்குமமும்.