ஒரு கீறல்கூட இல்லை

"கீழ போடவே இல்லைங்கறேன்..."

"போடாம இப்படி ஆகாது சார்..."

"பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருக்கேம்ப்பா, நீ என்னடான்னா..."

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க."

மாப்பிள்ளையின் செல்போன் ரிப்பேர் கடை. அவருக்கும், குடையும் கையுமாக வந்த ஒருவருக்கும் வழக்கு. இது முடிந்தால்தான் தன் வழக்கு எடுக்கப்படும் என்று மாமியார் ஸ்டூலில் காத்திருந்தாள்.

வரச் சொன்னது மாப்பிள்ளைதான். உங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று நேற்று போனில் சொன்னார்.

அடுப்பை அணைக்க மறக்கிறாளாம். பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறாளாம். சும்மா நிற்கும்போதே சுவரைப் பிடிக்கிறாளாம்.

ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் கண்ணாடி எழுதினார். எதற்கும் மசியவில்லை.

ஆகவே பிறவிக் கோளாறு, மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள். அது மாப்பிள்ளையின் தீர்ப்பு.

பெண்ணின் அம்மாவோ மகன் வீட்டில் மருமகள் கையால் சாப்பிடுகிறவள். எந்த முகத்தோடு மகளையும் கூட்டிப்போவாள்? மாப்பிள்ளை காலில் விழுந்தாவது இங்கேயே விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

பக்கத்தில் மகள், ட்யூப்லைட் வெளிச்சம் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எப்ப வந்தே?"

வீட்டிலும் கேட்டாள். வழியிலும் கேட்டாள்.

"இப்பத்தான்டி."

கேட்கிற ஒவ்வொரு முறையும் அம்மா புதிதாக வந்தாள்.

மாப்பிள்ளை போனின் முதுகைக் கழற்றினார். தொழிலில் கெட்டிக்காரர். பூதக்கண்ணாடியைக் குடைக்காரர் பக்கம் திருப்பினார்.

"மேல ஒரு கீறல்கூட இல்லையேப்பா!"

"உறை போட்டிருக்கீங்க, கீறல் எப்படி விழும்? அடி உள்ள இறங்கியிருக்கு சார். இந்த ஒட்டு விட்டிருக்கு பாருங்க. இது ஒரே தடவை விழுந்த அடி இல்ல. சின்னச் சின்னதா, திரும்பத் திரும்ப. அதான் பாதியில நிக்குது, தானா அணையுது. கம்பெனிக் கோளாறுன்னு தப்பிக்கப் பாக்காதீங்க."

குடைக்காரர் தன் குடையைப் பார்த்தார்.

"கோவம் வந்தா எறிவேன். மெத்தை மேலதான்."

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா அத்தை? கேட்டாத்தான் வாயே திறக்குது."

அம்மா மகளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல அடர்த்தியான முடி, தாய்வழிச் சொத்து. காலையில் பின்னிவிட்டபோது காதுக்கு மேலே சீப்பைப் படவிடவில்லை. சிக்கு இருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

குடைக்காரர் சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பினார்.

மாப்பிள்ளை துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லுங்க அத்தை. என்ன முடிவு பண்ணீங்க?"

அம்மா எழுந்தாள். காலில் விழத்தான் எழுந்தாள். கை தானாகப் போய் ட்யூப்லைட்டை அணைத்தது.

மகள் நெற்றியிலிருந்து கையை இறக்கினாள்.

"இவளை எத்தனை தடவை கீழ போட்டீங்க, மாப்ள?"