பிடிலுக்கு ஏது மூக்கு?

"அந்த மூக்க ஒரு திருகு திருகும் ஓய்!" என்றார் ரசலையன் அண்ணன்.

எல்லாரும் வாசிப்பை நிறுத்தினோம். கிளாரினெட்காரர் சிரித்த சிரிப்பில் எச்சில் தெறித்தது.

"பிடிலுக்கு ஏதுவே மூக்கு? சளியும் பிடிக்குமோ?"

"கம்பிய முறுக்குவோம்லா, அந்தக் குச்சி. பேரு எதுவானா என்ன?"

"பெக்கு, அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே திருத்தினார் நாராயணபெருமாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்து அதையே கொம்புன்னிய, அண்ணே. பிரிட்ஜ நாற்காலின்னிய. திங்கக்கிழமை கல்யாணம். இப்படியா ஒத்திகை பாக்கது?"

"கோவப்படாத மக்கா, சுதி கூடிப்போவும்."

வடசேரியில் ஒரு வாழைக்குலை மண்டியின் மாடிதான் எங்கள் பேண்டு செட்டுக்கு ஒத்திகை இடம். மிஷன் தொரை ஊருக்குக் கப்பலேறும்போது, செட்டை நடத்தும் ஞானசிங் மாஸ்டருக்குக் கொடுத்துவிட்டுப் போன டபுள் பாஸ் ஒன்று உண்டு. ஆள் உயரம். "அந்தப் பெரிய பிடிலோட வாங்க, இல்லேன்னா வேற செட்டு பாத்துக்கிடுவோம்" என்று கல்யாண வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

அதை வாசிக்க வந்தவர்தான் நாராயணபெருமாள். வில்லுப்பாட்டில் வில் அடித்தவர். அண்ணன் தம்பி சண்டையில் குழு உடைந்து, இந்த வேலையை நம்பி வந்திருந்தார். முதல் நாள் பிடிலின் வயிற்றைக் குடம் என்றார். கம்பியை நாண் என்றார். உரசுகிற வில்லை வீசுகோல் என்றார். அவர் தொழிலில் அப்படித்தான். "குடம்னா தண்ணி கோரிட்டு வாரும்" என்றார் கிளாரினெட்காரர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த நாராயணபெருமாளே இப்போது ஒழுங்காகப் பேர் சொல்கிறார். கொழும்பில் இருபது வருசம் வயலின் வாசித்தேன் என்று சொல்லிக்கொண்டு அதே வாரம் சேர்ந்த ரசலையன் அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அஞ்சாம் பாரத்தோடு படிப்பை விட்ட எனக்கே எல்லாம் தெரியும். கொழும்பாவது, மண்ணாவது. சுத்தப் புளுகு என்று மாஸ்டரிடமே சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

மற்றவர்கள் சாயா குடிக்கக் கீழே இறங்கினார்கள். நானும் அண்ணனும் மட்டும் மாடியில். என் வயலினை எடுத்தேன். படார்! கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சரிந்து, கம்பிகள் தொங்கின.

"இழுக்காதே!" அண்ணன் பாய்ந்து வந்தார். "பெக்கு நாலையும் தளத்து. டெயில்பீஸ ஒரு கையால தாங்கு, வார்னிஷ் கீறிரப்படாது. பிரிட்ஜ் ஒடியல்ல. உள்ள சவுண்ட் போஸ்டு சாஞ்சிருக்கு, அத நிமித்தணும்."

ஒரு பேர்கூடத் தப்பவில்லை. நான் வாயைப் பிளந்தேன்.

"அப்போ தெரிஞ்சிட்டேதான் மூக்கு, நாற்காலின்னியளா?"

"மெள்ளப் பேசுலே!" ஏணிப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டார். "மொத நாளு நீங்க சிரிச்சப்போ அந்த மனுசன் துண்ட உதறித் தோளுல போட்டாரு. மறுநா வந்திருக்க மாட்டாரு."

"அதுக்கு?"

"சிரிக்கதுக்கு உங்களுக்கு வேற ஆளு வேணும்லா மக்கா?"

படியில் காலடி கேட்டது. நாராயணபெருமாள் அண்ணனுக்கும் ஒரு கிளாஸ் சாயா கொண்டு வந்தார். பின்னாலேயே மாஸ்டர்.

"என்ன, பயலுக்க வயலின் ஒடிஞ்சிட்டா?"

"நாற்காலி சாஞ்சிட்டுவே" என்றார் ரசலையன் அண்ணன், முகம் மாறாமல்.

"பிரிட்ஜ், அண்ணாச்சி, பிரிட்ஜ்! ஒங்களுக்கு ஆயுசுக்கும் வராது" என்று நாராயணபெருமாள் வயிறு குலுங்கச் சிரித்தார். போய் டபுள் பாஸைத் தன் வீட்டுச் சாமான்போல அணைத்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"நீ சொன்னது சரிதாம்லே. அந்தக் கொழும்புப் புளுகனுக்குக் கல்யாணத்துக்கு முந்தி எல்லாப் பேரையும் சொல்லிக் குடுத்திரு. மானம் போவுது."

"சரி மாஸ்டர்" என்றேன்.

சொல்லிக் கொடுக்கவில்லை.