தேடுபவள் கேட்ட தேர்தல்

"இந்தத் தடவை நான் தேடப் போறதில்லை. எல்லாரும் வெளிய வாங்க."

மரக்கிடங்கின் நடுவில் நின்று இஸ்திரிக் கடை அக்கா உரக்கச் சொன்னாள். கண்ணைக் கட்டியிருந்த துண்டு இப்போது அவள் தோளில் கிடந்தது.

பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து வேன் டிரைவர் தலையை மட்டும் நீட்டினார். இது ஏதோ தந்திரம் என்று அவருக்குச் சந்தேகம். சாக்குக் குவியலுக்குள்ளிருந்து நர்ஸம்மா தும்மிக்கொண்டே எழுந்தார். ஒவ்வொருவராகத் தூசியைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தலைவர் மட்டும் வரவில்லை.

"அவர் வர மாட்டார். வந்தா தோத்துடுவாரே" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரியவர்கள் கூடி விளையாடும் கண்ணாமூச்சிக் கழகம் அது. வருடத்துக்கு ஒருமுறை தலைவர் தேர்வு. அதற்கும் ஆட்டம்தான். கடைசிவரை பிடிபடாதவர் தலைவர். பல வருடமாக ஒருவரே ஜெயித்து வந்தார். தேடுவதும் எப்போதும் அக்காதான். கண்ணைக் கட்டினால் திருட்டுத்தனமாகப் பார்க்காத ஒரே ஆள் என்று அவளுக்குப் பெயர். தேடுகிறவள் ஒளிய முடியாது. ஒளியாதவள் தலைவியாக முடியாது.

இதுவரை அவள் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால், மாதக் கடைசியில் பூட்டுப் போடப் போவதாகக் கிடங்குக்காரர் சொல்லிவிட்டார். பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவளுக்கு, வாய்விட்டுச் சிரிக்க இருந்தது இந்த ஓர் இடம்தான். பேசப் போனவளை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தலைவரை வரச் சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தலைவரோ இன்று, நாளை என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

"நல்லா ஒளியத் தெரிஞ்சவரைத் தலைவராக்குறோம். அப்புறம் ஒரு வேலைன்னா ஆளைக் காணோம்னு புலம்புறோம். இனிமே கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். நானும் நிக்கிறேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். விளையாட்டுக்கென்று சேர்ந்த இடத்தில் தேர்தல் வந்தால் கோஷ்டியும் வந்துவிடும் என்றார்.

"இருக்கிறதே பத்துப் பேர். கோஷ்டி சேர்க்க ஆளுக்கு எங்க போறது?"

"இருந்தாலும் நீங்களே இப்படிப் பேசலாமா அக்கா? அவர் மனசு என்ன பாடுபடும்?"

"கிடங்கு போனா நம்ம மனசு என்ன பாடுபடும்?"

நர்ஸம்மா சிரித்துவிட்டார். தலைவர் இல்லாமல் எடுக்கிற ஓட்டு செல்லுமா என்று ஒருவர் இழுத்தார். அவர் இருந்து நடந்த காரியம் ஒன்றைச் சொல்லும்படி அக்கா கேட்டாள். யாருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

முதலில் நர்ஸம்மாவின் கை உயர்ந்தது. பிறகு மற்றவர்களுடையது. கடைசியாக டிரைவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காது உயரத்துக்குத் தூக்கினார். தூக்கியதும் அடுத்த கவலை வந்துவிட்டது அவருக்கு: இனிமேல் தலைவரைத் தேடிக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுமே.

அக்கா தேடவில்லை. நேராக மூலைக்குப் போய், அங்கே கிடந்த உடைந்த பீரோவின் கதவைத் தட்டினாள்.

"வெளிய வாங்க. இனிமே நான்தான் தலைவி. இத்தனை வருஷமும் இதுக்குள்ளதான் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். கட்டின புருஷனாச்சேன்னு கண்டுக்காம விட்டேன்."