பரம்பரை ரத்தம்

மகளுக்கு இருப்பது லேசான பரம்பரைச் சோகை என்றார் டாக்டர்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டருந்துதான் வந்திருக்கணும். ரத்தம் குடுத்துட்டுப் போங்க, மெட்ராஸுக்கு அனுப்பறேன். அந்த ஒருத்தர் ஒரே எடத்துல உக்காந்துகினே இருந்தா, கால்ல ரத்தம் கட்டிக்கலாம். நடக்கணும்."

"பரம்பரைன்னா எங்க வம்சந்தான்," என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்மானித்துவிட்டான் கஜபதி. மாமனார் வீட்டுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே தறியை மனைவி பங்காரம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, காலையும் மாலையும் திருத்தணி மலைப்படி ஏற ஆரம்பித்தான். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தன் ரத்தத்தின் அபாயத்தைச் சொல்லி மாளவில்லை.

"தறிக்குழில உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போவுதுங்க," என்றாள் பங்காரம்மாள்.

"நான் இத்தினி வருசம் உக்காரலியா? உனக்கின்னா, நல்ல ரத்தம். நெய்யி."

சோதனை முடிவு வந்ததும் கஜபதி தனியாகப் போனான்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் டாக்டர். "உங்க வீட்டம்மாவுக்குத்தான் இருக்குது. நடந்துகினுதானே இருக்காங்க?"

கஜபதி வீட்டைப் பார்த்து ஓடினான். மலையேறிப் பழகிய உடம்பு. மூச்சு வாங்கவேயில்லை. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.